துரை காலமும் தொழிலாளி வரலாறும்

மூதாதையர் எங்கே, எந்தத் தொழிலில் வாழ்ந்தனர் என்பதைப் பழைய டைரக்டரிகளிலும் நிலப்படங்களிலும் தேடி அறிவது மேனாட்டார் நெடுங்காலமாகக் கையாளும் வழி. லண்டன் நகரத்துக் 'கெல்லி' டைரக்டரியில் தெருவாரியாகக் கடைக்காரர் பெயரும் தொழிலும் கிடைக்கும். ஆண்டுதோறும் அந்நூலைப் புரட்டினால், ஒருவர் கடை வைத்ததும் வேறு தெருவுக்குப் பெயர்ந்ததும் புலப்படும். அவ்வழியை மாற்றமின்றி மலாயாத் தோட்டங்களுக்குக் கொண்டுவருவோர் முதல் நாளே சோர்ந்துபோவர்.

ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தார் வெளியிட்டு வந்த 'சிங்கப்பூர் அண்ட் ஸ்ட்ரெயிட்ஸ் டைரக்டரி' இத்துறையில் முதலில் நாட வேண்டிய நூல். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் அதன் பழைய தொகுதிகளை மின்வடிவாக்கி யாவரும் படிக்க வைத்துள்ளது. தோட்டத்தின் பெயர், உடைமைக் கம்பெனி, ஏஜண்டு, மானேஜர், அவருடைய உதவித் துரைமார் என்று வரிசை செல்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற பால்வெட்டுத் தொழிலாளியின் பெயர் அதில் இல்லை. யாருக்குச் சரக்கு அனுப்புவது, யாருக்குக் கடிதம் எழுதுவது என்று அறிய விரும்பிய வணிகருக்காக எழுந்த நூல் அது. லயத்தில் இருந்தவருக்கு யாரும் கடிதம் எழுதுவார் என்று அதைத் தொகுத்தவர் எண்ணவில்லை போலும்!

ஆயினும், "நம்மவர் பெயர் இல்லை, ஆகவே பயனில்லை" என்று நூலை மூடிவிடுவது அவசரம். தோட்டத்து முதியவர்கள் ஆண்டு சொல்வதில்லை. துரை பெயரைச் சொல்வார்கள். "இன்ன துரை காலத்தில் தாத்தா கங்காணியோடு வந்தார், அந்தத் துரை சீமைக்குப் போன வருஷம் அப்பா பிறந்தார்" என்பது அவர்களுடைய காலக் கணக்கு. அந்தத் துரை எந்த ஆண்டுத் தொகுதியில் முதலில் தோன்றி எதில் மறைகிறார் என்று பார்த்தால், குடும்ப வாய்மொழி ஆண்டுக் கணக்காக மாறிவிடுகிறது. டைரக்டரியைத் தொகுத்தவர் கனவிலும் கருதாத பயன் இது.

இங்கே எச்சரிக்கை தேவை. ஓர் ஆண்டுக்குரிய தொகுதியின் செய்திகள் முந்திய ஆண்டில் திரட்டப்பட்டவையாகலாம். துரைமார் நீண்ட விடுப்பில் சீமைக்குச் செல்லும்போது பதில் மானேஜர் பெயர் இடம்பெறக்கூடும். ஆகையால் முன்னும் பின்னும் இரண்டு தொகுதிகளையேனும் ஒப்பிட வேண்டும். மேலும், "நெட்டைத் துரை" என்று வழங்கிய பெயரை எந்த அச்சு நூலிலும் காண இயலாது.

நிலப்படமும் இவ்வாறே கவனத்துடன் படிக்கத்தக்கது. காஹாங் இன்று குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் உள்ளது. ஜொகூர் மாநிலத்தின் ஊடாக ரயில் பாதை நிறைவுற்றது 1909இல். அது குளுவாங் வழியே செல்கிறது, காஹாங்கைத் தொடவில்லை. காஹாங் என்பது ஆற்றின் பெயரும் ஆகும். ஆகவே 1909க்கு முந்திய படத்தில் ஆற்று வழியையும், பிந்திய படத்தில் ரயில் நிலையத்திலிருந்து தோட்டம் எத்தனை மைல் என்பதையும் நோக்க வேண்டும். படம் அச்சிட்ட ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு என்பதை மறத்தலாகாது.

தோட்டத்தின் பெயரிலும் சிக்கல் உண்டு. கம்பெனி வைத்த பெயர் ஒன்று, தமிழர் வழங்கிய பெயர் மற்றொன்று. இலங்கையில் வெளிவந்த பெர்குசன் டைரக்டரி தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் கொடுத்தது. அந்த ஒன்றுக்காகவே அதைப் பாராட்டலாம். காஹாங் வட்டாரத்தில் தேடுபவர் அப்பெயர்களை முதியவர் நாவிலிருந்து கேட்டு எழுதிக்கொள்வது நன்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டபோது பழைய பெயர்கள் சிலவும் அவற்றோடு சென்றன.

சில நிகழ்ச்சிகளுக்கு டைரக்டரியில் சுவடே கிடையாது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியதால் பிரிந்துபோன குடும்பங்களும், 1942-43இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரவரும் அதன் பக்கங்களுக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களைத் தேட, செக்ரோலும் தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் வேண்டும். பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு எதிரே தகப்பனார் பெயரும் தொழிலும் எழுதும் வழக்கம் இருந்தது. தோட்டப் பள்ளிகள் பல மூடப்பட்டும் இடம்மாறியும் விட்டன. அவற்றின் பழைய பதிவேடுகள் இப்போது எந்த அலமாரியில் உள்ளன என்று அவ்வப் பள்ளி ஆசிரியர்கள் விசாரித்தறிவது அடுத்து நடைபெற வேண்டிய வேலை.