வாடை கொண்டுவரும் காதல்

கார்த்திகையில் வாடை இறங்கிவிட்டால் பருத்தித்துறைக் கடல் வேறு கடலாகிவிடும். வள்ளங்களை இழுத்துக் கரையேற்றிக் கட்டுவார்கள். தொண்டைமானாற்று ஏரிப்பக்கம் தூரதேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். பாடசாலை விடுமுறை, நத்தார், தைப்பொங்கல், வல்வெட்டித்துறைப் பட்டப்போட்டி எல்லாம் இந்தக் காற்றுக்குள்தான் வந்து போகும். நமக்கு விடுமுறைக்காலம் என்பது வாடைக்காலம். அந்தக் காலத்துக்கென்று ஒரு காதல் நாவல் சொல்லச் சொன்னால், யோசிக்காமல் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ என்பேன்.

மேல்நாடுகளில் நத்தாரை ஒட்டி இப்படியான நாவல்கள் ஏராளமாக வரும். நகரத்திலிருந்து ஒருத்தி சிற்றூருக்கு வருவாள். அங்கே மிருக வைத்தியரோ பண்ணைக்காரரோ ஒருவர் இருப்பார். ஒரு நாயோ குதிரையோ இருவரையும் சந்திக்கவைக்கும். பனி கரைவதற்குள் மனமும் கரைந்துவிடும். வாசிக்க இதமானவைதான். ஆனால் அந்த நாயை எடுத்துவிட்டு ஒரு பூனையை வைத்தாலும் கதை நடக்கும்.

‘வாடைக்காற்று’ 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. கதை நடப்பது நெடுந்தீவில். வாடை பெயர்ந்ததும் வெளியூர் மீனவர்கள் தீவுக்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில்கள் போட்டுத் தொழில் செய்கிறார்கள். அதே காற்றோடு கூழைக்கடாக்களும் வருகின்றன. வந்த இளைஞர்களுக்கும் தீவில் இருக்கும் பெண்களுக்கும் இடையில் காதல் முளைக்கிறது. கூழைக்கடா இங்கே அழகுக்காக வைத்த பறவையல்ல. அது எப்படிப் பருவத்துக்கு வந்து இரைதேடிப் பருவத்துக்குப் போகிறதோ, அந்த மனிதர்களும் அப்படித்தான். பறவையைக் காணும்போதே வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது: தென்மேற்குச் சோளகம் திரும்பும்போது இந்த வாடிகள் வெறுமையாகிவிடும். காதலர்கள் மகிழ்ந்திருக்கும் பக்கங்களில்கூட அந்த நாள் நெருங்கிக்கொண்டே இருக்கிறது. பருவம் முடிவதற்குள் ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நாவல் நம் மரபோடு பேசுகிறது. சங்கப் பாடல்களில் வாடை பிரிவின் காற்று. தலைவன் பாசறையில் இருப்பான். அரண்மனைக்குள் இருந்தாலும் தலைவிக்கு அந்தக் குளிர் வதையாக இருக்கும். நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் வாடை ‘நெடிய’தானதே அதனால். செங்கை ஆழியான் அதைத் திருப்பிப் போட்டார். அவருடைய வாடை காதலனைக் கொண்டுவருகிறது. அது ஓயும்போதுதான் பிரிவு. தொல்காப்பியர் விலங்கையும் பறவையையும் கருப்பொருளில் சேர்த்ததன் பொருளை இத்தனை இயல்பாக உரைநடையில் காட்டிய நாவல்கள் நம்மிடம் அதிகமில்லை.

இது தற்செயலாக அமைந்ததல்ல. செங்கை ஆழியான் என்ற க. குணராசா பேராதனையில் புவியியல் படித்தவர். உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் நூல்கள் எழுதியவர். காற்று எப்போது திரும்பும், எந்தக் கரை எப்போது மீன் தரும் என்ற அறிவு அவர் கையில் கதையின் எலும்பாகிறது.

அதே 1973இல், அதே வீரகேசரியில், இன்னொரு பறவை. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பில் கதை நடக்கிறது. நிலக்கிளி உயரப் பறக்காது. தாழ்வான பொந்தில் வாழும். இலகுவில் கையில் அகப்படும். கதையின் நாயகி பதஞ்சலி அப்படிப்பட்டவள். காட்டையும் வேட்டையையும் கரைத்துக் குடித்த கதிராமன் தகப்பனை எதிர்த்து அவளைக் கைப்பிடிக்கிறான். பிறகு வெளியிலிருந்து படிப்போடும் கனிவோடும் சுந்தரலிங்கம் வாத்தியார் வருகிறார். மூவரில் ஒருவரையும் பாலமனோகரன் கெட்டவராக்கவில்லை. வாத்தியாரின் சலனத்தை அவர் எழுதியிருக்கும் நிதானம் பெரிய எழுத்தாளருக்குரியது. முடிவை இங்கே சொல்லமாட்டேன். அதை வாசித்தே அறியவேண்டும்.

இரண்டில் கலைநயம் கூடியது ‘நிலக்கிளி’தான். ‘வாடைக்காற்று’ பரந்த வாசகருக்காக எழுதப்பட்டது. சில திருப்பங்கள் வேகமாக வந்துவிடுகின்றன. ஆனால் கடலின் மணமும் வாடிப் பேச்சும் அதிலே உள்ளதுபோல் நம் நாவல்களில் அரிது. அந்த வலிமையால்தான் 1978இல் அது பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் அதில் நடித்தார்.

வடமராட்சிப் பிள்ளைகள் இந்த நாவலை நெடுந்தீவுக் கதை என்று ஒதுக்கிவிடக்கூடாது. பருவத்துக்குப் பருவம் முல்லைத்தீவுக் கரைக்கு வாடி போடப் போன குடும்பங்கள் நம் ஊர்களிலும் உண்டு. பிரியும்போது அழுத பெண்கள் அந்தக் கரைகளிலும் இருந்திருப்பார்கள். அவர்களின் கதையைப் பருத்தித்துறையிலிருந்து ஒருவர் எழுதவேண்டும். அதற்கு முன், இந்த இரண்டு நூல்களின் பழைய வீரகேசரிப் பிரதி உங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தால், கறையான் தின்னமுன் பக்கத்துப் பாடசாலை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்த விடுமுறைக்கே ஒரு பிள்ளை வாசிக்கட்டும்.