ஓசையில்லாத கேமராவும் ஒரு பெரிய வெள்ளியும்

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் வந்தபோது, "வழக்கம்போல படம் தர்றேன், எழுத்து வேண்டாமே" என்று தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. கொல்கத்தாவில் நம் சங்கத்து விழா எதுவானாலும் கேமராவும் கையுமாக ஓரத்தில் நிற்பவன் என்று உங்களில் பலர் என்னை அறிவீர்கள். ஆகவே படத்தைப் பற்றியே எழுதுகிறேன். நானே எடுத்து, நானே சுவரிலிருந்து கழற்றிய ஒரு படத்தைப் பற்றி.

2009-ஆம் ஆண்டு பெரிய வெள்ளி. நாகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர் தம் பங்குக் கோயிலுக்கு அழைத்துப் போனார். பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். ஃபிளாஷ் கூடாது, குறுக்கும் நெடுக்கும் நடக்கக் கூடாது என்பது நிபந்தனை. அது அந்தச் சாமியாரின் சொந்தக் கண்டிப்பு அல்ல. நற்கருணை வழிபாடு பற்றி 1967-இல் ரோம் வெளியிட்ட அறிவுரையிலேயே, படம் எடுப்பதால் வழிபாடு கலையக் கூடாது, எடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் மிகுந்த அடக்கத்தோடு எடுக்க வேண்டும் என்று இருக்கிறது.

அந்த வழிபாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று பூசை கிடையாது. பீடத்தில் விரிப்பில்லை, மெழுகுவர்த்தியில்லை. முந்தின நாள் மாலைப் பூசையிலேயே மணி ஓய்ந்துவிடும். குருவானவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடப்பார். சபை முழங்காலிடும். அந்த மௌனத்தில் அக்காலத்துக் கேமராவுக்குள் கண்ணாடி எழும்பி விழும் 'டக்' ஓசை, சமையலறையில் தட்டு விழுந்த மாதிரி கேட்கும். நான் அழுத்தவில்லை. மக்கள் வரிசையில் வந்து சிலுவையை முத்தி செய்யும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். அப்போது பாடகர் குழு பாடும். பாட்டு மேலே ஏறும் இடம் பார்த்து அழுத்தினால் முன்வரிசைக்கும் கேட்காது.

தடித்த சுவர், வண்ணக் கண்ணாடி ஜன்னல், பாதிக்கு மேல் அணைத்த விளக்குகள். பிற்பகலிலும் உள்ளே அந்திதான். 85 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து, ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து, தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு 1/60 வினாடியில் எடுத்தேன். இருட்டைக் கண்டாலே ஏதோ குறை என்று நினைப்பது கேமராவின் சுபாவம். அதன் சராசரிக் கணக்குக்கு விட்டால் அந்தியைக் கல்யாண மண்டபமாக்கிக் கொடுத்துவிடும். எனவே அது சொன்னதைவிட ஒன்றரைப் படி குறைத்தே வைத்தேன். சிலுவையின் காலடியில் முழங்காலிட்ட பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். கன்னத்தில் கண்ணீர். சுற்றிலும் கறுப்பு.

மறுவருஷம் பொங்கல் விழாவில் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்டினேன். "ரெம்ப்ராண்ட் ஓவியம் மாதிரி இருக்குய்யா" என்றார் ஒருவர். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. சாயங்காலம் அந்தப் பெரியவரின் மகள் வந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "அங்கிள், அப்பா அழுததை நீங்க பாத்தது தப்பில்ல. எல்லாரும் பாக்கணுமா?" என்றாள்.

அன்றிலிருந்து, இந்தக் கலையின் பெரியவர்களை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது.

எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர், 1928-இல் படமெடுக்கத் தடையிருந்த நீதிமன்றத்துக்குள் தொப்பியில் கேமராவை ஒளித்துக்கொண்டு போய் எடுத்தவர். எர்மானாக்ஸ் என்ற சிறு கேமராவும் அதன் அகலமான லென்ஸும் அவருக்குக் கைகொடுத்தன. ஃபிளாஷ் இல்லாமல் மாநாட்டு அறைகளில் மந்திரிகள் தூங்கி வழிவதையெல்லாம் எடுத்தார். இன்றும் அவற்றை ரசிக்கிறேன். நாடாளும் மனிதன் கொட்டாவி விடுவதை ஊர் பார்க்கலாம். அவர் கையாண்ட தந்திரத்தையே, யாரையும் ஆளாத ஒரு பெரியவர் சிலுவை முன் மண்டியிடும்போது நானும் கையாண்டேன் என்பதுதான் உறுத்துகிறது. கார்த்தியே-பிரெசோன் கதை இன்னும் வேடிக்கை. லைக்காவின் பளபளப்பு தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஊரையெல்லாம் எடுத்தவர், தம்மை எவரும் படமெடுப்பதை விரும்பாதவர்!

நம் ஊர்க்காரர்கள், அதாவது கொல்கத்தாக்காரர்கள், மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1969-இல் பி.பி.சி.க்காக மால்கம் மக்கரிட்ஜ் குழுவினர் காளிகாட்டில் அன்னை தெரசாவின் இல்லத்தைப் படமெடுத்தார்கள். உள்ளே போதிய வெளிச்சமில்லை. தேறாது என்று நினைத்த காட்சிகள் அழகாக வந்துவிட்டன. மக்கரிட்ஜ் அதைத் தெய்வீக ஒளி என்றார். கேமராமேன் கென் மக்மில்லனோ, அது புதிதாக வந்த கோடக் ஃபிலிமின் வேலை என்றார். நான் தொழில்நுட்பக் கட்சி, மக்மில்லன் பக்கம்தான். ஆனால் ஒளி ஆண்டவனுடையதா கோடக்குடையதா என்ற வழக்கில், அந்த ஒளியில் முகம் தெரியப் படுத்திருந்தவர்களின் பேச்சு நான் படித்த வரையில் எங்குமே வரவில்லை.

ஃபிளாஷை நான் இப்போதும் வெறுக்கிறேன். அது முகத்தைச் சுண்ணாம்பாக்கி, பின்னாலிருக்கும் கோயிலை விழுங்கிவிடும். ஒன்று மட்டும் அதன் பக்கம் சொல்ல வேண்டும். படம் எடுத்தேன் என்று அது அறிவித்துவிடுகிறது. அந்தப் பெரியவர் திரும்பி ஒரு முறை முறைத்திருக்கலாம். நான் அதற்கு இடமே வைக்கவில்லை. இன்றைய கண்ணாடியில்லாக் கேமராக்களில் துளி ஓசையும் கிடையாது. சில எல்.இ.டி. விளக்குகளின் கீழே படத்தில் கோடு விழுவதைத் தவிர அவற்றுக்குத் தடையே இல்லை. அடக்கமாக எடுத்தோம் என்று நாமே நம்மை மெச்சிக்கொள்வது அந்த அளவுக்குச் சுலபமாகிவிட்டது.

படத்தைக் கழற்றி, கோப்போடு பெரியவர் வீட்டில் கொடுத்தேன். "காபி சாப்பிட்டுப் போங்க தம்பி" என்றார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பெரிய வெள்ளியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கேமரா மடியில் இருந்தது. "எடுங்களேன்" என்று அவரே சொன்ன பிறகு, உட்கார்ந்தபடியே, வரிசையில் நகரும் செருப்பில்லாக் கால்களை மட்டும் 1/8 வினாடியில் எடுத்தேன். பாதிக் கால்கள் அசைந்துவிட்டன. சங்க மண்டபத்தில், பழைய ஆணியில் இப்போது தொங்குவது அந்தப் படம்தான். "ஷேக் ஆயிடுச்சே சார்" என்று வருஷத்துக்கு ஒருவராவது சொல்கிறார்.