ஆள் ஜாமீனின் விலை

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஆள் வெளியே வராமல் கிடப்பது ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி கோர்ட் வளாகங்களில் யாருக்கும் அதிசயமில்லை. செம்மரம் வெட்டிய வழக்கில் பிடிபட்ட தமிழ்நாட்டு ஜவ்வாது மலைக்காரருக்கோ கல்வராயன் மலைக்காரருக்கோ நீதிபதி ஜாமீன் கொடுத்துவிடுவார். உத்தரவின் கடைசியில் வழக்கமான வரி ஒன்று இருக்கும்: இத்தனை ஆயிரத்துக்குச் சொந்தப் பிணைப்பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். அந்த இருவரும் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று சில உத்தரவுகளில் எழுதியே இருக்கும். எழுதாதபோதும் எதிர்பார்ப்பு அதுதான். கூலிக்காக மலையிறங்கி வந்தவருக்குத் திருப்பதியில் ஏழுமலையானைத் தவிர வேறு யாரைத் தெரியும்?

தெரியாத ஆளைக் காசு கொடுத்துப் பிடிப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. தரகர் ஆள் கூட்டி வருவார். வந்தவர் வீட்டுவரி ரசீது, பட்டாதார் பாஸ்புத்தகம், ஆதார் என்று கையில் உள்ளதைக் காட்டிக் கையெழுத்திட்டுப் போவார். குடும்பம் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. வழக்கில் விடுதலை ஆனாலும் அது திரும்பாது.

சட்டப்படி பார்த்தால் இந்தியாவில் ஜாமீன் கட்டணம் என்றே ஒன்று கிடையாது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் என்றால் பத்தாயிரத்தைக் கட்ட வேண்டும் என்று பொருளில்லை. இவர் வாய்தாவுக்கு வராவிட்டால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் கோர்ட்டுக்குக் கொடுக்கும் வாக்குறுதி அது. அந்த வாக்குறுதியைக் காசுக்கு விற்பதைச் சட்டம் விரும்பவில்லை. ஜாமீன்தாரருக்கு வரக்கூடிய நஷ்டத்தை ஈடுகட்டுவதாகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1908லேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 1976ஆம் ஆண்டு ஜாமீன் சட்டம் அதைக் குற்றமாகவே ஆக்கியது. கையைச் சுடாத நெருப்புக்கு யாரும் அஞ்சமாட்டார்கள். நஷ்டம் இல்லை என்று ஆனபின், குற்றம் சாட்டப்பட்ட எதிரி வந்தாலென்ன வராவிட்டாலென்ன என்று ஜாமீன்தாரர் இருந்துவிடுவார்.

இதே வியாபாரத்தை அமெரிக்கா வெளிப்படையாக நடத்துகிறது. அங்கே உரிமம் பெற்ற ஜாமீன் முகவர் இருக்கிறார். பிணைத்தொகையில் பொதுவாகப் பத்து சதவீதத்தை வாங்கிக்கொண்டு முழுத்தொகைக்கும் அவரே பொறுப்பேற்கிறார். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் அந்தப் பத்து சதவீதம் போனதுதான். பிலிப்பைன்ஸ் தவிர உலகில் வேறெங்கும் பெரிதாக இல்லாத ஏற்பாடு இது. அமெரிக்காவிலும் கென்டக்கி 1976இல் இந்த முகவர்களை ஒழித்தது. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்தது. ஏழையை உள்ளே வைத்துப் பணக்காரரை அனுப்பும் முறை என்று அங்கே எழுந்த கண்டனம் முற்றிலும் நியாயமானது. ஆனாலும் நம் கோர்ட் வாசல் வியாபாரத்தோடு ஒப்பிட்டால் அவர்களுடையது ஒருபடி மேல் என்றே சொல்வேன். அங்கே விலை தெரியும், முகவர் யாரென்று தெரியும், ஆள் ஓடிப்போனால் முகவருக்குப் பணம் போகும். இங்கே இந்த மூன்றும் இல்லை. எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதை ஒவ்வொரு ஜாமீன்தாரரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2005இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 486ஆவது பிரிவு. எழுதிக் கொடுத்ததைச் சரிபார்க்க ஆள் இல்லாத இடத்தில் அது இன்னொரு காகிதம், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு பலத்தோடு எடுத்து வைக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிப் போன எதிரியைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. வாரண்ட் நிலுவையில் கிடக்கும். வழக்கு வருஷக்கணக்கில் நிற்கும். செம்மரமோ சேஷாசலத்தையும் அதையொட்டிய மலைகளையும் விட்டால் வேறெங்கும் இயற்கையாகப் பெரிதாக வளராத மரம். அதற்காக ரத்தமும் சிந்தியிருக்கிறது. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். இந்நிலையில், ஊர்பேர் தெரியாத ஆளை வெறும் கையெழுத்தின் பேரில் அனுப்ப ஒரு மாஜிஸ்திரேட் தயங்கினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

அதே கொலை வழக்கின் முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைதாகி நெடுங்காலம் சிறையில் கிடந்தார்கள். 2016இல் திருப்பதி கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி அதே சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசாரால் 20 தமிழர்கள் சுட்டுக்கொல்லப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஜாமீன் கிடைத்தும் ஆள் கிடைக்காமல் கிளைச்சிறையில் கழியும் மாதங்களை எந்தப் பத்திரிகையும் தலைப்புச் செய்தி ஆக்குவதில்லை.

சரி, வாய்தாவுக்கு ஆளை வரவழைப்பதுதான் நோக்கம் என்றால், உள்ளூர் ஜாமீன்தாரரால் அது நடக்கிறதா என்பதுதான் கேள்வி. காசுக்குக் கையெழுத்திட்ட திருப்பதிக்காரருக்கு எதிரியின் ஊர் தெரியாது, வீடு தெரியாது. அவர் கூப்பிட்டு ஒருவர் மலையிலிருந்து இறங்கி வரப்போவதில்லை. போலி ஆவணம் கொடுத்தவர் என்றால் அவரையே தேட வேண்டியிருக்கும். எதிரியின் அண்ணனோ மாமனோ ஊர்ப் பெரியவரோ சொன்னால் அந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு. ஆனால் அவர்களுடைய பட்டா தமிழ்நாட்டில் இருக்கிறது. உறவும் அதிகாரமும் உள்ளவரைத் தள்ளிவிட்டு, இரண்டும் இல்லாதவரை ஏற்றுக்கொள்கிறது இந்த முறை.

1978லேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்துவிட்டது. மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பத்திரத்தில் கொத்தனாரை விடச் சொன்னார். ஒரு நாட்டுக்குள் மாவட்ட எல்லையைக் காட்டிச் சொத்தை மறுப்பதைக் கடுமையாகச் சாடினார். அந்த எல்லைகள்தான் எத்தனை தடவை மாறியிருக்கின்றன! 1911 வரை ஜவ்வாது மலையடிவாரத்துப் போளூரும் சித்தூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அதன் தலைமையிடமே சித்தூர்தான். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதியும் சித்தூரும்கூட வேறு வேறு மாவட்டங்கள்.

அண்மைய உத்தரவுகள் சரியான திசையில்தான் போகின்றன, வேகம்தான் போதாது. 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட் தானே யோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பது தாமதத்துக்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்ட அதே உத்தரவு, அதைக் கேட்காமல் விடலாம் என்று யோசனை மட்டும்தான் சொன்னது. யோசனையைக் கேட்பதும் கேட்காததும் கீழ்க் கோர்ட்டின் இஷ்டம். மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை தரும் என்று அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் இங்கே பணத்தோடு ஆளும் வேண்டியிருக்கிறது. அரசுத் திட்டத்தால் ஆளைத் தர முடியாது. ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை ஏழை என்று கருதிச் சொந்தப் பத்திரத்தில் விடச் சொல்லும் பிரிவும் சட்டத்தில் இருக்கிறது. அது ஜாமீனில் விடத்தக்க குற்றங்களுக்கு மட்டும். செம்மரம் அதில் வராது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தும் கேடு வேறொன்று. மலைக்காரரைக் காட்டுக்கு அனுப்பும் மேஸ்திரிக்கும் அவருக்கு மேலிருக்கும் கடத்தல்காரருக்கும் வக்கீலும் தெரியும், தரகரும் தெரியும். அவர்கள் பணம் போட்டால் ஆள் சீக்கிரம் வெளியே வருவார், கடனோடு. அந்தக் கடனைக் கழிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி மறுபடியும் கோடாரிதான். பின்னால் யாரும் இல்லாமல் முதல்முறை அகப்பட்டவர் உள்ளேயே கிடப்பார். காட்டைக் காக்கப் போட்ட நிபந்தனை, காட்டை வெட்டுபவருக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. உள்ளூர் ஜாமீன்தாரர் முறைக்கு எதிராக இதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. தரகருக்கு உரிமம் கொடுத்து அமெரிக்க வழியில் போவது தீர்வாகாது. தரகர் தேவைப்படாதபடி செய்வதே தீர்வு. சொந்த ஊர் உறவினரை ஜாமீன்தாரராக ஏற்று, அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் மூலமோ காவல் நிலையம் மூலமோ சரிபார்க்கலாம். அதுவும் முடியாதவரைச் சொந்தப் பத்திரத்தில் விட்டு, அவருடைய ஊருக்கு அருகில் உள்ள காவல் நிலையத்தில் கையெழுத்திடச் சொல்லலாம். கொஞ்சம் பணம் திரட்ட முடிந்தவருக்கு, ஜாமீன்தாரருக்குப் பதிலாகக் கோர்ட்டில் ரொக்கம் கட்ட அதே சன்ஹிதாவின் 490ஆவது பிரிவு வழி விடுகிறது. தரகரிடம் போகும் பணம் போனதுதான். கோர்ட்டில் கட்டினால் வழக்கு முடிந்ததும் திரும்பி வரும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

உங்கள் ஊர்க்காரர் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் தரகரிடம் போகுமுன், ஜாமீன் உத்தரவின் நகலோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போட அங்கே வக்கீல் தருவார்கள், கட்டணம் கிடையாது. தொலைபேசி எண் 15100.