உடைந்தது எது? கோதுமைத் தண்டுத் துரு ஆய்வுகளில் ‘எதிர்ப்புத்திறன் உடைதல்’ என்னும் கருத்தாக்கம்: ஒரு திறனாய்வு

முன்னுரை

கோதுமையின் தண்டுத் துரு நோய் குறித்த எழுத்துகளில் ‘எதிர்ப்புத்திறன் உடைந்தது’ என்னும் தொடர் பரவலாக ஆளப்படுகிறது. ரை தானியத்திலிருந்து கோதுமைக்குக் கொண்டுவரப்பட்ட எஸ்ஆர்31 மரபணு பல பத்தாண்டுகள் பயன் தந்து, 1998இல் உகாண்டாவில் காணப்பட்ட யுஜி99 என்னும் பூசண இனத்தின்முன் பயனற்றுப்போனமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இத்தொடர் மாற்றம் நிகழ்ந்த இடத்தைத் தவறாகச் சுட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மாற்றம் நிகழுமிடம்

ஆளிப் பயிரின் துரு நோயை ஆராய்ந்த எச். எச். பிளோர், பயிரின் எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றுக்கும் இணையாகப் பூசணத்திலும் ஒரு மரபணு உண்டு என 1940களில் நிறுவினார். பூசண மரபணு உருவாக்கும் புரதத்தைப் பயிர் இனங்கண்டால்தான் எதிர்ப்பு எழும். 2017இல் தண்டுத் துருப் பூசணத்தில் அத்தகைய இரு மரபணுக்கள் கண்டறியப்பட்டன. ஏவிஆர்எஸ்ஆர்35 என்பதில் இடம்பெயரும் மரபுக்கூறு ஒன்று புகுந்து அதனைச் செயலிழக்கச் செய்திருந்தது. ஏவிஆர்எஸ்ஆர்50 என்பதோ உட்கருக்களுக்கிடையே நிகழ்ந்த குரோமோசோம் பகுதிப் பரிமாற்றத்தால் இழக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் மாறியது பூசணமே. கோதுமையின் மரபணு மாறவில்லை.

இரு உட்கருக்கள்

சடுதிமாற்றத்தை மட்டும் காரணமாகக் கூறுவதும் போதாது. கோதுமையில் வாழும் இப்பூசணத்தின் செல்லில் தனித்தனியான இரு உட்கருக்கள் உள்ளன. யுஜி99இன் உட்கருக்களுள் ஒன்று, 1954இல் ஆஸ்திரேலியாவில் பதிவான 21ஆம் எண் இனத்தின் உட்கருக்களுள் ஒன்றோடு ஏறத்தாழ முழுமையாக ஒத்திருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. பாலினக் கலப்பின்றிப் பூசண இழைகள் இணைந்து முழு உட்கருவையே பரிமாறியுள்ளன என்பது இதன் பொருள்.

பல எதிர்ப்பு மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்கும் உத்தி, தனித்தனிச் சடுதிமாற்றங்கள் ஒருங்கே நிகழ்வது அரிது என்னும் கணிப்பைச் சார்ந்தது. உட்கரு முழுதும் மாறும்போது பல மரபணுக்கள் ஒருசேர மாறுகின்றன. எதிர்ப்பைக் கடக்க இரு உட்கருக்களிலும் உரிய மரபணு செயலற்றிருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அக்கணிப்பின் அடிப்படை தளர்கிறது.

இந்தியச் சூழலில் இது கூடுதல் கவனத்திற்குரியது. இப்பூசணத்தின் பாலினச் சுழற்சி பார்பெரிச் செடியில் நிகழ்வது. இந்தியாவில் அச்செடிக்கு நோய்ப் பரவலில் பங்கில்லை என்றும், பூசணம் நீலகிரி, பழனி மலைகளில் நிலைத்திருந்து வடக்கே பரவுகிறது என்றும் கே. சி. மேத்தா விளக்கினார். பாலினக் கலப்பு இல்லாத இடத்தில் உட்கருப் பரிமாற்றத்தைப் புறக்கணிக்க இயலாது.

முடிவுரை

‘எதிர்ப்புத்திறன் உடைந்தது’ என்பதைவிடப் ‘பூசணம் எதிர்ப்பைக் கடந்தது’ என்பதே பொருத்தமானது. முன்னைய தொடர் எஸ்ஆர்31ஐப் பழுதுற்றதென ஒதுக்கத் தூண்டுகிறது. அம்மரபணுவோ தான் இனங்காணும் புரதத்தைக் கொண்ட இனங்களை இன்றும் எதிர்க்கிறது. பின்னைய தொடர் பூசணத்தை நோக்கி ஆய்வாளரைத் திருப்புகிறது. எனவே, நோய்க் கண்காணிப்பு பூசண இனத்தின் பெயரைப் பதிவதோடு நில்லாமல், அதன் இரு உட்கருக்களையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.