ஏழு நாள் முகாமும் ஒரு கிரெடிட்டும்

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைவுபெற்ற கல்லூரிகளில் இளங்கலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் என்பது நெடுங்காலக் கணக்கு. அதில் பகுதி ஐந்து, அதாவது விரிவாக்கப் பணிக்கு ஒரே ஒரு கிரெடிட். நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., விளையாட்டு எல்லாம் இந்த ஒன்றுக்குள்தான் அடங்க வேண்டும். ஆனால் மூன்றாண்டுப் படிப்பில் வகுப்பறைக்கு வெளியே மாணவர் மனத்தில் ஆழப் பதிவது பெரும்பாலும் ‘கேம்ப்’ என்று அவர்கள் சொல்லும் அந்த ஏழு நாள் சிறப்பு முகாம்தான்.

முகாமை நடத்தும் நாட்டு நலப்பணித் திட்டம் பழையது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, வி.கே.ஆர்.வி. ராவ் மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் ஒரு முகாம் என்பதே அதன் விதி.

முகாமின் பலன் சிறியதல்ல. சொந்தக்காரர் வீடு தவிர வெளியே ஓர் இரவும் தங்கியிராத பெண்கள், ஊராட்சி ஒன்றியப் பள்ளி வகுப்பறையில் பாய் விரித்து ஒரு வாரம் தங்குகிறார்கள். கணக்குப் பார்க்கிறார்கள், சமைக்கிறார்கள், மேடையேறிப் பேசுகிறார்கள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பையனும் மருங்காபுரிக் கிராமத்துப் பையனும் ஒரே அண்டாவிலிருந்து சோறு வாங்கி ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கணக்கெடுப்புக்காக ஊருக்குள்ளும் காலனிக்குள்ளும் ஒரே நாளில் நுழையும்போது, தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்பதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகமும் இதை இவ்வளவு நேராகக் காட்டாது. முகாமே வீண் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நகரத்து மாணவருக்குக் கிராமம் தெரியாது, அதைக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த திட்டம் இது. ஆனால் இன்று, காலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் போதும். துறையூர், முசிறி, லால்குடி பேருந்துகளிலிருந்து இறங்கிக் கல்லூரிக்கு நடக்கிறவர்களில் எத்தனையோ பேர் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். இவர்களிடம் அரிவாளைக் கொடுத்துச் சீமைக்கருவேலம் வெட்டச் சொல்வதில் என்ன கல்வி இருக்கிறது? வேரோடு தோண்டாத கருவேலம் அடுத்த மழையில் மறுபடி தழைக்கும். முகாமில் நட்ட மரக்கன்றுக்கு எட்டாம் நாள் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அறிக்கையில் மட்டும் கன்றுகளின் எண்ணிக்கை அப்படியே நிற்கும்.

இந்த முகாம் விதியில் இன்னொரு குறையும் உண்டு. வகுப்பு முடிந்ததும் என்.எஸ்.பி. சாலை ஜவுளிக்கடைக்கோ உணவகத்துக்கோ வேலைக்குப் போகும் மாணவர், ஏழு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு முகாமுக்கு வர முடியாது. சேவையை அறிமுகப்படுத்த வந்த திட்டம், நாள் முழுக்க உழைக்கிறவரை வெளியே நிறுத்திவிடுகிறது. பாடம் நடத்திக்கொண்டே முகாமையும் சுமக்கும் திட்ட அலுவலருக்கோ, பதிவேட்டையும் புகைப்படத்தையும் ஒப்படைப்பதே பெரும்பாடாகிறது.

மாற்று வழிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி, ‘ஷெப்பர்டு’ என்ற விரிவாக்கத் துறையை உருவாக்கிக் கிராமப் பணியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. மக்கள் வளர்ச்சிக்கு அறிவியலும் மானுடப் புலங்களும் என்பதே அந்தப் பெயரின் விரிவு. கட்டாயம் என்றானதும் சேவை வருகைப் பதிவாகச் சுருங்கும் ஆபத்து இதிலும் உண்டு. விரும்பி வருபவரின் உற்சாகத்தை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இயற்பியலும் வணிகவியலும் கிராமத்தில் எதற்குப் பயன்படும் என்ற கேள்வியைக் கல்லூரி தன்னிடமே கேட்டுக்கொண்டது பெரிய விஷயம். ஹோலி கிராஸ் கல்லூரி சமுதாய வானொலி தொடங்கியதையும் இதே வரிசையில் வைக்கலாம். அங்கே மாணவியர் கற்கும் தொழிலே சேவையாகிறது.

மற்றக் கல்லூரிகள் முகாமைக் கைவிட வேண்டாம். அதன் வேலையை மாற்றினால் போதும். வணிகவியல் மாணவர் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டைச் சரிபார்க்கலாம். தமிழ்த்துறை முகாம் நடக்கும் ஊர்க் கிழவிகளின் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் பதிவு செய்யலாம். வேதியியல் துறை ஒரே ஊரின் ஆழ்துளைக் கிணறுகளைக் கோடையிலும் மழைக்குப் பிறகும், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சோதிக்கலாம். அதற்கு ஏழு நாள் ஒருசேரத் தேவையில்லை, சில ஞாயிற்றுக்கிழமைகள் போதும். கடையில் வேலை பார்க்கும் மாணவரும் முறை மாற்றி வந்துவிடுவார். தமிழ்நாட்டில் இப்போது உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அந்தக் கிணற்று அளவுகளை அன்று மாணவர்களே சபையில் வாசித்து, ஊர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அந்த ஒரு கிரெடிட்டை அதற்கே கொடுக்கலாம்.