தாழ்வாரத்தில் காத்திருப்பவர்கள்

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'ஒரு பிரிவு' (ஈரான், 2011) படத்தைக் கணவன் மனைவி வழக்காகவே பலரும் பேசுகிறார்கள். ஸிமின் நாட்டைவிட்டுப் போக விரும்புகிறாள். நினைவு தப்பிய தகப்பனாரை விட்டுவர நாதர் மறுக்கிறான். இருவர் பக்கமும் நியாயம் என்று சொல்லி முடித்துவிடுவது சௌகரியம். எனக்கு இது அவர்களுடைய பதினோரு வயது மகள் தெர்மேயின் படமாகவே படுகிறது.

நம் சினிமாவில், 1965இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' போல, பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பது குழந்தைகளின் வேலை. (அதுவும் ஹாலிவுட்டிலிருந்து இறங்கியதுதான்.) அவர்களுக்கென்று ஒரு மனம் இருக்கலாம் என்ற சந்தேகமே அங்கு எழுவதில்லை. தெர்மேயும் இதே வேலையைத்தான் மேற்கொள்கிறாள். தான் அப்பாவோடு தங்கிவிட்டால் அம்மா திரும்பி வந்துவிடுவாள் என்பது அவள் கணக்கு. அதற்கு அவள் கொடுக்கும் விலைதான் படம்.

நாதர் அவளுக்குப் பாடம் சொல்லித்தருகிறான். ஒரு சொல் பாரசீகமல்ல, அரபி என்று திருத்துகிறான். டீச்சர் மார்க் குறைப்பார் என்கிறாள் பெண். யார் சொன்னாலும் தப்பு தப்புதான் என்பது அவன் பதில். இப்படி வளர்க்கப்பட்டவள், வேலைக்கு வந்த பெண் கர்ப்பிணி என்பது அவனுக்கு முன்பே தெரியும் என்பதைக் கண்டுபிடிக்கிறாள். அவன் மிரட்டவில்லை. ஒப்புக்கொண்டால் சிறை, நீ சொன்னால் சொல்லிவிடுகிறேன் என்று தீர்ப்பை அவள் தலையில் ஏற்றிவிடுகிறான். அவள் நீதிபதியிடம் பொய் சொல்கிறாள். பிறகு காரில் உட்கார்ந்து அழுகிறாள். இந்த அழுகையைப் பெற்றோர் பிரிந்ததற்கான துக்கமாக எடுத்துக்கொள்கிறவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அப்பாவைக் காப்பாற்றிய கணத்திலேயே அவள் அவனை இழந்துவிட்டாள்.

ஹென்றி ஜேம்ஸின் மெய்ஸி (1897) ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று பந்தாடப்படுகிறவள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லியனுப்பும் வசவுகளைச் சுமந்தவள், ஒரு கட்டத்தில் மந்தபுத்தி போல் நடிக்கத் தொடங்குகிறாள். தெர்மேக்கு அந்தத் தற்காப்பும் வாய்க்கவில்லை. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் கோர்ட்டில்.

துப்பறியும் கதைபோலத் தகவல்களை ஒளித்துவைக்கும் ஃபர்ஹாதியின் சாமர்த்தியம் எனக்குச் சற்று உறுத்தல். கடைசிக் காட்சியில் அது இல்லை. அப்பாவா அம்மாவா என்று நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டேன் என்கிறாள், சொல்லவில்லை. பெற்றோர் வெளியே அனுப்பப்படுகிறார்கள். தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடிக் கதவுக்கு இருபுறமும் காத்திருக்கிறார்கள். எழுத்துகள் ஓடுகின்றன. முதல் காட்சியில் நம்மை நீதிபதியின் இடத்தில் உட்காரவைத்தவர், இப்போது நம்மையும் அவர்களோடு வெளியே நிறுத்திவிட்டார்.