ஊசி போடும் டாக்டர்கள்

2025 செப்டம்பரில் 'தி பிட்' தொடர் எம்மி விருதுகளை அள்ளியதிலிருந்து ஒரு பேச்சு ஓயாமல் ஓடுகிறது: மருத்துவமனைத் தொடர் என்னும் வகைமை ஒருவழியாக நர்ஸைக் கண்டுகொண்டுவிட்டதாம். சார்ஜ் நர்ஸ் டேனா எவன்ஸாக நடித்த கேதரின் லனாசாவுக்குச் சிறந்த துணை நடிகை விருது கிடைத்ததுதான் இதற்கு ஆதாரம். லனாசாவின் நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இந்த 'ஒருவழியாக'தான் இடிக்கிறது. 'ஈ.ஆர்.' தொடரில் நர்ஸாக நடித்த ஜூலியானா மார்குலீஸ் இதே விருதை 1995லேயே வாங்கிவிட்டார். அதற்கும் முன்னால், ராணுவ நர்ஸாக நடித்த டேனா டெலனி நாயகிக்கான விருதை இரண்டு முறை வாங்கினார். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை நர்ஸைக் கண்டுபிடிப்பது, கையில் விருதைக் கொடுப்பது, பிறகு சுத்தமாக மறந்துபோவது என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் நீண்டநாள் வழக்கம்.

நர்ஸை நல்லவளாகக் காட்டினார்களா, மரியாதை கொடுத்தார்களா என்ற கணக்கில் எனக்கு ஆர்வமில்லை. அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதைக் காட்டினார்களா? அதைக் காட்டாமல் விட்டதற்குக் காரணம் அலட்சியம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தால் போதும்.

1950களிலிருந்தே அங்கே டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1954இல் தொடங்கிய 'மெடிக்' தொடரின் கதைகளை லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார மருத்துவச் சங்கம் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தது. அடுத்து அமெரிக்க மருத்துவச் சங்கமே இதற்கென ஒரு குழு வைத்துக்கொண்டது. 'டாக்டர் கில்டேர்', 'பென் கேசி' எல்லாம் அந்தக் குழுவின் கண்பார்வையில் வளர்ந்த பிள்ளைகள். சிகிச்சை விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை, டாக்டர் மிடுக்குக் குறையாமல் தெரிகிறாரா என்றும் பார்த்தார்கள். நர்ஸுக்காகக் குரல்கொடுக்க அந்த மேசையில் நாற்காலியே கிடையாது. 1962இல் சி.பி.எஸ். 'தி நர்ஸஸ்' என்று ஒரு தொடரைத் தொடங்கியது. இரண்டு வருஷம் ஓடிய பிறகு, 1964இல் அதன் பெயரை மாற்றினார்கள். புதிய பெயர் 'தி டாக்டர்ஸ் அண்ட் தி நர்ஸஸ்'. வீட்டுக்கு வந்த விருந்தாளி தலைவாசலில் தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்ட கதைதான். 1968இன் 'ஜூலியா'வில் கறுப்பினப் பெண் ஒருவர் நர்ஸாகவும் நாயகியாகவும் வந்தது அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாற்றில் பெரிய விஷயம். நர்ஸ் வேலையின் வரலாற்றில் அது அவ்வளவு பெரிய விஷயமல்ல. 'மார்கஸ் வெல்பி'யைத் தாண்டிப் போய்விடலாம்.

'மாஷ்' தொடரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1976இல் வந்த 'தி நர்ஸஸ்' அத்தியாயத்தில் தலைமை நர்ஸ் மார்கரெட் ஹூலிஹன் தன் கீழுள்ள பெண்களிடம் வெடிக்கிறாள். அவள் கேட்பது பதவியோ மரியாதையோ அல்ல. இத்தனை நாளில் ஒருத்திகூட ஒரு வாய் காபிக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்கிறாள். அதுவரை ஆண்கள் கேலி செய்வதற்கென்றே எழுதப்பட்ட ஒரு பாத்திரம் அந்த ஒரு காட்சியில் மனுஷியாகிறது. அதே தொடரில் வருஷக்கணக்காகப் பின்னணியில் டிரே ஏந்திக்கொண்டிருந்த நர்ஸ் கெல்லி, கடைசிப் பருவத்தில்தான் நாயகன் ஹாக்கையைப் பிடித்து உலுக்குகிறாள்: எல்லாப் பெண்களையும் பார்க்கிறாய், என்னை மட்டும் ஏன் பார்க்கவில்லை? அதற்குப் பதினொரு பருவம் ஆயிற்று.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறு கதை நடந்தது. பிரிட்டனில் மருத்துவமனை அரசாங்கத்தினுடையது. டாக்டர் அங்கே கடை வைத்திருப்பவர் அல்ல, நர்ஸைப்போலச் சம்பளக்காரர். ஐ.டி.வி.யின் 'எமர்ஜென்சி வார்டு 10' 1957லேயே நர்ஸுகளை வைத்துத்தான் கிளம்பியது. 1975இல் பி.பி.சி.யில் தொடங்கிய 'ஏஞ்சல்ஸ்' பயிற்சி நர்ஸுகளின் அலுப்பையும் கால்வலியையும் விடுதி வாழ்க்கையையும் பற்றியது. 1986 செப்டம்பரில் வந்தது 'கேஷுவல்டி'. முதல் அத்தியாயம் முதற்கொண்டு அதன் அச்சாணி ஒரு சார்ஜ் நர்ஸ்: சார்லி ஃபேர்ஹெட். அதுவும் ஆண் நர்ஸ். டெரெக் தாம்ப்சன் அந்தப் பாத்திரத்தை 2024 வரை, ஏறத்தாழ 38 வருஷம், சுமந்தார். டாக்டர்கள் வந்தார்கள், காதலித்தார்கள், செத்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். சார்லி அங்கேயே இருந்தார். உலகத்திலேயே மிக நீண்டகாலமாக ஓடும் அவசரசிகிச்சைத் தொடரின் நடுத்தூணாக இருந்தவர் ஒரு நர்ஸ் என்பது 'தி பிட்' ரசிகர்கள் பலருக்கும் தெரியாது.

'கேஷுவல்டி'யை உருவாக்கிய ஜெரமி பிராக், பால் அன்வின் இருவரும் ஆலோசனைக்குப் போனது பிரிஸ்டல் மருத்துவமனையின் சார்ஜ் நர்ஸ் ஒருவரிடம். மேசையில் நாற்காலி மாறியது, கதையின் நடுவிலிருந்த ஆளும் மாறினார். ஆரம்பப் பருவங்களில் இரவு ஷிஃப்ட்டில் ஆள் போதவில்லை என்பதே கதைமுடிச்சு. படுக்கை இல்லை, பணம் இல்லை, மேலிடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாட்சர் கட்சிக்காரர்கள் இது இடதுசாரிப் பிரசாரம் என்று புகார் சொன்னார்கள். ஒரு மருத்துவமனைத் தொடருக்கு இதைவிட நல்ல பாராட்டு எனக்குத் தெரியவில்லை. (பின்னாளில் 'கேஷுவல்டி' விபத்தும் காதலுமாக நீர்த்துப்போனதை நான் மறுக்கவில்லை.) 2012இல் தொடங்கிய 'கால் தி மிட்வைஃப்' இந்தக் கொடியில் பூத்ததுதான். மேலுக்கு இனிப்பாகத் தெரிந்தாலும், தாலிடோமைடு மாத்திரை கருவிலிருந்த குழந்தைகளுக்கு என்ன செய்தது என்பதைப் பிரசவ அறையில் நிற்பவளின் கண்வழியாக அது காட்டிய துணிச்சல் ஆண் டாக்டர்களை மையமாக வைத்த எந்தத் தொடருக்கும் வாய்த்ததில்லை.

அமெரிக்காவுக்குத் திரும்பினால், 1989ஆம் வருஷ வசந்தத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அந்த ஜனவரியில் என்.பி.சி.யில் 'நைட்டிங்கேல்ஸ்' தொடங்கியது. தயாரித்தவர் ஏரன் ஸ்பெல்லிங். பயிற்சி நர்ஸுகள் வார்டில் இருந்த நேரத்தைவிட உடை மாற்றும் அறையில் இருந்த நேரம் அதிகம். நர்ஸுகள் கொதித்தெழுந்து விளம்பரதாரர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், விளம்பரங்கள் விலகின, சில மாதங்களில் தொடர் மூடப்பட்டது. நர்ஸ் சங்கங்களின் வெற்றிப் பட்டியலில் இதற்கு ஓர் இடம் உண்டு. அதே வசந்தத்தில், ஏ.பி.சி.யில், யாரும் போராடாமலே நடந்துகொண்டிருந்த அற்புதத்தை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

அதுதான் 'சைனா பீச்'. வியட்நாம் போர்க்கள மருத்துவமனையில் நர்ஸ் காலீன் மெக்மர்ஃபியாக டேனா டெலனி. லிண்டா வான் டிவாண்டர் என்ற ராணுவ நர்ஸ் தன் போர் அனுபவத்தை எழுதிய புத்தகம் அதற்கு உந்துதல். வந்திறங்கும் காயம்பட்டவர்களில் யார் முதலில் உள்ளே போக வேண்டும், யார் காத்திருக்கலாம், யாருக்கு இனி எதுவும் பயன்படாது என்று தரம் பிரிப்பது, பிழைக்கமாட்டான் என்று ஒதுக்கிய பையனின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது: மெக்மர்ஃபியின் திறமையும் துயரமும் இந்த இரண்டு வேலைகளில்தான். 1989 மார்ச்சில் வந்த 'வெட்ஸ்' அத்தியாயத்தில் கதைக்காட்சிகளுக்கு நடுவே வியட்நாமில் வேலைபார்த்த நிஜப் பெண்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். இருபது வருஷம் வாய் திறக்காதவர்கள். வாஷிங்டனில் வியட்நாம் பெண்களுக்கான நினைவுச்சின்னம் எழுந்தது 1993இல்தான், தொலைக்காட்சி முந்திக்கொண்டது. கடைசிப் பருவத்தில் கதை முன்னும் பின்னும் தாவி, போர் முடிந்து வீடு திரும்பிய மெக்மர்ஃபி குடியில் மூழ்குவதைக் காட்டுகிறது. பார்வையாளர்கள் குறைந்தார்கள், 1991இல் தொடர் முடிந்தது. அதில் ஒலித்த பாடல்களின் உரிமைச் சிக்கலால் 2013 வரை டிவிடிகூட வரவில்லை. ஒரு தலைமுறை அதைப் பார்க்காமலே வளர்ந்து, அடுத்து வந்ததைத்தான் 'முதல்' என்று நம்பியது.

அடுத்து வந்தது 'ஈ.ஆர்.' (1994). மருத்துவப் பட்டம் பெற்ற மைக்கேல் கிரைட்டன் 1974லேயே சினிமாவுக்காக எழுதி வைத்திருந்த கதை. முதல் அத்தியாயத்தில் தலைமை நர்ஸ் கரோல் ஹாத்தவே மாத்திரை விழுங்கிய நிலையில் தன் வார்டுக்கே ஸ்ட்ரெச்சரில் வருகிறாள். கதைப்படி அவள் சாக வேண்டியவள். முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அவளைப் பிடித்துப்போனதால் உயிர் பிழைத்தாள். மூன்றாம் பருவத்தில் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத்தேர்வு எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கி, நர்ஸாகவே இருக்கிறேன் என்கிறாள். அருமையான முடிவு, ஆனால் அதைச் சொல்வதற்கு முன் டாக்டராகும் தகுதி உண்டு என்று அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. டாக்டர் ஒருவர் நர்ஸ் தேர்வெழுதித் தன் மதிப்பை நிரூபிக்கும் கதையை யாராவது எழுதியிருக்கிறார்களா? 1999இல் நர்ஸாக வந்த ஆபி லாக்ஹார்ட் நர்ஸாகவே நின்றுவிடவில்லை. படித்து டாக்டராகி நாயகியானாள். பதினைந்து பருவமும் இருந்தவள் ஹேலே ஆடம்ஸ். கடைசிப் பருவத்தில், விடைபெறும் ஆபியை ஹேலே ஒரு சுவருக்கு முன்னால் கூட்டிப் போகிறாள். வந்து போனவர்களின் லாக்கர் பெயர்ச்சீட்டுகள் அங்கே ஒட்டியிருக்கின்றன. எல்லோருடைய கணக்கையும் வைத்திருக்கும் ஹேலேக்கு அந்தப் பதினைந்து பருவங்களில் சொந்தமாகக் கதை என்று கிடைத்தது சொற்பம்.

2004இல் 'ஹவுஸ்' வந்தபோது நர்ஸ் கிட்டத்தட்ட ஆவியாகிவிட்டாள். அந்தத் தொடரில் ரத்தம் எடுப்பவர் டாக்டர், டிரிப் ஏற்றுபவர் டாக்டர், ஸ்கேன் எடுப்பவர் டாக்டர், நோயாளியின் வீட்டுக்குள் பூட்டை உடைத்து நுழைபவரும் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தவருக்குக்கூடத் தெரியும், நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்திய இளம் டாக்டரை ஒதுக்கிவிட்டு ஒரே குத்தில் ஊசியை ஏற்றுபவர் வார்டு சிஸ்டர்தான் என்று. 'கிரேஸ் அனாடமி' நர்ஸை முழுக்க மறக்கவில்லை. முதல் பருவத்தில் அவளுக்குக் கொடுத்த பெரிய வேலை, இளம் டாக்டர் ஒருவருக்கு சிபிலிஸ் நோயைப் பரப்புவது. நோயைக் கண்டுபிடிப்பது துப்பறியும் கதை, அதனால் டாக்டர்தான் நாயகனாக முடியும் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரின் மூச்சு நிமிடத்துக்கு 16ஆக இருந்தது 24 ஆகிறது. சிறுநீர் சேரும் பையில் இரண்டு மணி நேரமாக அளவு ஏறவில்லை. மாலையில் வளவளவென்று பேசியவர் இப்போது பதிலை முழுங்குகிறார். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, தூங்கும் டாக்டரை எழுப்புபவள் செய்வது துப்பறிதல் இல்லையா?

2009இல் ஒரே வருஷத்தில் மூன்று நர்ஸ் தொடர்கள் வந்தன. 'ஹாத்தோர்ன்', 'மெர்சி' இரண்டும் சீக்கிரமே கரைந்தன. 'நர்ஸ் ஜாக்கி' நின்றது. ஈடி ஃபால்கோவின் ஜாக்கி போதை மாத்திரைக்கு அடிமை, பொய்க்காரி. நியூயார்க் மாநில நர்ஸ் சங்கம் கோபித்துக்கொண்டது. முதல் அத்தியாயத்தையே பாருங்கள்: விபத்தில் வந்த சைக்கிள் பையனுக்கு மூளையில் ரத்தக்கசிவு இருக்கலாம் என்று ஜாக்கி எச்சரிக்கிறாள், இளம் டாக்டர் தட்டிக்கழிக்கிறார், பையன் சாகிறான். அவனுடைய உறுப்புதான ஒப்புதலில் ஜாக்கி கள்ளக் கையெழுத்துப் போடுகிறாள். நர்ஸின் அறிவு, அது மதிக்கப்படாததால் விழும் பிணம், பிறகு அவள் எடுத்துக்கொள்ளும் சட்டவிரோத அதிகாரம்: மூன்றும் அரைமணி நேரத்துக்குள். தேவதை பிம்பத்தைக் காப்பாற்ற நினைத்த சங்கத்துக்கு இது தெரியாமல் போனதுதான் வருத்தம்.

இப்போது 'தி பிட்'. முதல் பருவத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன். பதினைந்து அத்தியாயம், ஒவ்வொன்றும் ஒரே ஷிஃப்ட்டின் ஒரு மணி நேரம். 'மெய்யானது' என்று டாக்டர்கள் கொண்டாடுகிறார்கள்; அதன் எழுத்தாளர்களில் ஒருவரான ஜோ சாக்ஸ் அவசரசிகிச்சை டாக்டர், 'ஈ.ஆர்.' காலத்து ஆள். மெய்தான், டாக்டருடைய மெய். டேனாவைக் காத்திருந்து கடுப்பான நோயாளி ஒருவன் முகத்தில் குத்துகிறான். நர்ஸ் மீது நடக்கும் வன்முறையைக் காட்டியதற்கு நன்றி. ஆனால் டாக்டர் லாங்டன் மருந்து திருடுவதைக் கண்டுபிடிப்பது யார்? அன்றுதான் வேலைக்கு வந்த பயிற்சி டாக்டர் சாண்டோஸ். வார்டுகளில் போதைமருந்து அலமாரியின் கணக்கைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நர்ஸுகள்தான். குப்பி குறைந்தால் முதலில் தூக்கம் கெடுவது நர்ஸுக்கு. அந்தக் கதை டேனாவுடையது. அதைப் பிடுங்கி ஒரு டாக்டரிடம் கொடுத்தார்கள்.

இன்னொன்று. 'தி பிட்'டின் நர்ஸுகள் பெர்லாவும் பிரின்சஸும் தங்களுக்குள் டகாலோகில் டாக்டர்களைப் பற்றி வம்பளப்பது இனிமையானது. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் ஃபிலிப்பைன்ஸ் பெண்களின் தோளில் நிற்பதை அது ஒப்புக்கொள்கிறது. அந்தத் தோளுக்குப் பக்கத்தில் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு கோட்டயத்திலிருந்தும் திருவல்லாவிலிருந்தும் போன மலையாளி நர்ஸுகளின் தோளும் இருக்கிறது. திரையில் இந்திய முகம் வந்தால் டாக்டர்தான்: 'ஈ.ஆர்.'இல் நீலா, 'ஹவுஸ்'இல் கட்னர், 'தி பிட்'டில் மோகன். நம் மத்தியவர்க்கம் இதில் பூரித்துப்போகிறது என்பது தனிக் கதை.

ஒரு ஷிஃப்ட் என்ற கால அளவே நர்ஸுடையது. டாக்டர் வருவார், பார்ப்பார், அடுத்த கட்டிலுக்குப் போவார். அதே நாலைந்து பேரோடு முழு ஷிஃப்ட்டும் இருப்பவள் அவள்தான். அந்த வடிவத்தைக் கையில் எடுத்துவிட்டு தலைமை டாக்டர் ராபியின் பின்னாலேயே கேமராவை ஓடவிட்டதுதான் 'தி பிட்'டின் பெரிய தவறவிடல். இது நடக்காத காரியம் என்று சொல்வதற்கில்லை. 2025 ஜனவரியில் 'தி பிட்' தொடங்கியது. அடுத்த மாதமே பெர்லின் திரைவிழாவில் பெட்ரா வோல்ப்பின் 'ஹெல்டின்' வந்தது. சுவிஸ் ஆஸ்பத்திரியின் அறுவைசிகிச்சை வார்டில், ஆள் குறைந்த ஒரு மாலை ஷிஃப்ட். லியோனி பெனெஷ் நடித்த ஃப்ளோரியாவை விட்டுக் கேமரா விலகுவதே இல்லை. மருந்தை அளக்கிறாள், கை கழுவுகிறாள், பதறும் மூதாட்டிக்குத் தாலாட்டுப் பாடுகிறாள், மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பதறுகிறாள், சிடுசிடுக்கும் பணக்கார நோயாளியின் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தை ஜன்னல் வழியே வீசுகிறாள். ஒரு டாக்டருக்காக அவள் காத்திருக்கும் நேரம் முழுக்க நாமும் காத்திருக்கிறோம். அவர் வந்து இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிறார். இந்தப் படத்துக்குத் தூண்டுதல் ஜெர்மன் நர்ஸ் ஒருவர் எழுதிய புத்தகம். ஒன்றரை மணி நேரப் படத்தில் ஆனதைப் பதினைந்து மணி நேரமும் அத்தனை பெரிய பட்ஜெட்டும் உள்ளவர்கள் செய்ய மாட்டோம் என்றால், அடுத்த பருவத்தின் எழுத்து மேசைக்கு இரண்டு நைட் டூட்டி நர்ஸுகளைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடட்டும். ஆலோசகர் என்று பெயர்ப்பட்டியலின் வாலில் போடாமல், எழுத்தாளர் என்றே போட்டு.